நல்ல தண்ணீர் கேட்ட இஞ்சின்

உ

25-9-1996

அன்பு மகள் ராக்குவுக்கு அய்யா எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம், உன் அம்மா சுகம், ஆடுகள் இரண்டும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சிறுசும் சுகமாக இருக்க வேண்டும் என்று நம் கருப்பசாமியை வேண்டிக்கொண்டு மேலே எழுதுகிறேன். முதலில் இன்லேண்டு தாளில்தான் உட்கார்ந்தேன், விஷயத்தைத் தொடுவதற்குள் தாள் முடிந்துவிட்டது, அதனால் உன் பழைய பள்ளிக்கூட நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாலு வரி எழுதுவதும் எழுந்து போய் வண்டியைப் பார்ப்பதும் மறுபடி வந்து உட்காருவதுமாக இருக்கிறேன். என்னை ஒரு இடத்தில் உட்கார வைக்க உன்னால் மட்டும்தான் முடியும், நீயோ ஜபல்பூரில் இருக்கிறாய்.

மாப்பிள்ளையின் கடிதம் எப்போதோ வந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு ராக்குவைக் கார்த்திகையில் கொண்டுவந்து விடவா, இல்லை இங்கேயே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளவா, லீவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு வார்த்தை சொல்லுங்கள் மாமா என்று கேட்டிருந்தார். மரியாதையான பிள்ளை. அவருக்கு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு அலட்சியம் காரணம் இல்லை என்று அவரிடம் சொல். வண்டிதான் காரணம். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்ப்பதுதான் முறை, அதில் எனக்கு மாற்றுப் பேச்சு கிடையாது. ஆனால் நம் ஊரில் மண் ரோடு தாண்டி, மெயின் ரோடு ஏறி, ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருகிற வண்டி ஊரிலேயே நம் பிக்கப் ஒன்றுதான். அந்த வண்டிக்கு இஞ்சினே இல்லாமல் போனபோது நான் வா என்று எழுதுவதா, வராதே என்று எழுதுவதா? இரண்டையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆவணி ஆரம்பத்தில் கரி மூட்டை ஏற்றிக்கொண்டு பரமக்குடிக்குப் போனேன். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது சத்திரக்குடி தாண்டியதும் சூடு காட்டுகிற முள் மேலே ஏறிவிட்டது. அது எப்போதும் ஏறும், நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் இறங்கும். அன்றைக்கும் ஊற்றினேன், ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது, கேன் காலியானது. சரி, மெதுவாக உருட்டிவிடலாம் என்று எடுத்தேன். பின்னால் வெள்ளைப் புகை, என்னை முந்திப் போன பஸ்காரன் சொன்ன வார்த்தையைக் கடிதத்தில் எழுத முடியாது. கொஞ்ச தூரத்தில் உள்ளே ஏதோ கடித்துப் பிடித்த மாதிரி ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் முனகக்கூட இல்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் இருந்தது. லாரிக்காரர் ஒருவர் மனமிரங்கிக் கயிறு கட்டி ராமநாதபுரம் பட்டறை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து விட்டார்.

பட்டறைக்காரர் ஹமீது சுல்தானை உனக்குத் தெரியும், உன் கல்யாணப் பந்தியில் திரும்பத் திரும்பப் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவர். இஞ்சினின் தலையைக் கழற்றிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் ஓட வேண்டிய வழியெல்லாம் உப்புப் படிந்து அடைத்துக் கிடந்தது. சிலிண்டர் சுவரில் ஊசி குத்தினது போல ஓட்டை. மாமா, இத்தன வருசமா ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துனீக என்று கேட்டார். கிணத்துத் தண்ணிதான் என்றேன். அந்தத் தண்ணிய நீங்க குடிப்பீகளா என்றார். வாயில் வைக்க முடியாது, உப்புக் கரிக்கும் என்றேன். நீங்க குடிக்க மாட்டீக, வண்டி மட்டும் குடிக்கணுமாக்கும் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

நீயே சொல் தாயி. ஊருணி வற்றிப்போய் நடுவில் ஊற்றுத் தோண்டி வைத்திருக்கிறார்கள். உன் அம்மா அதற்குள் குனிந்து சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்புவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடுகிறது. அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பெண்கள் குடத்தோடு காத்து நிற்கிறார்கள். அந்தத் தண்ணீரை எடுத்து நான் இரும்பு வாயில் ஊற்றினால் அது நியாயமா? பார்க்கிறவர்கள் காறித் துப்ப மாட்டார்களா? நான் மட்டும் இல்லை, இந்தப் பக்கத்தில் டிராக்டர் வைத்திருப்பவர், மோட்டார் வைத்திருப்பவர் எல்லாரும் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள். நான் செய்ததில் தப்பே இல்லை என்று சுல்தானிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் கோபப்படாமல், தப்பே இல்ல மாமா, ஆனா இஞ்சின் செத்துப்போச்சு என்றார். ஓட்டை விழுந்த சிலிண்டருக்குள் வேறு குழாய் இறக்கிச் சரி பண்ண முடியாதா என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். சுவரே அரித்துப் போனபிறகு எதில் இறக்குவது, முழு இஞ்சினையும் மாற்றினால்தான் ஓடும், மதுரையில் வண்டி உடைக்கிற இடத்தில் சொல்லி வைக்கிறேன், இதே வண்டி இஞ்சின் வந்ததும் எடுத்துவிடலாம் என்றார். எப்போது வரும் என்றால் ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில் எழுந்து போய்விட்டு வந்தேன். ஒன்றும் இல்லை, வண்டிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். கோழிதான் தண்ணீரைக் கொட்டிவிட்டிருக்கிறது.

வண்டி பட்டறையில் கிடந்த நாளில்தான் கருத்தம்மாளுக்கு வலி எடுத்தது. நம் மிளகாய்க் காட்டில் உன்னோடு களை எடுத்தவள், கீழத்தெரு சோணைமுத்துவின் பெண்சாதி. விடிகிற நேரம் சோணைமுத்து ஓடி வந்து, அய்யா, வண்டிய எடுங்க, வலி வந்திருச்சு என்று வாசலில் நின்றான். வண்டி இல்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. என்னோடு பட்டறைக்கு வந்து பார்த்தவனே அவன்தான். பதறின பதற்றத்தில் கால் பழகின வழியில் வந்துவிட்டது. வந்து நின்றவன் காலிக் கொட்டகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முனியசாமியின் மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனோம். நானும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன், எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது, நான் ஓடி என்ன ஆகப்போகிறது. மெயின் ரோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அந்த இரட்டைப் பனை நிற்கிற இடத்தில், மாட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். கூட வந்த பெண்கள் சேலையைச் சுற்றி மறைத்துக்கொண்டார்கள். நாங்கள் ஆம்பிளைகள் திரும்பி நின்றோம். பிள்ளை அழுகிற வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம், பயப்படாதே, இதைப் படித்துவிட்டு நீ மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ரோட்டோரத்தில் மறைத்துப் பிடித்த சேலைக்கு உள்ளே நீ படுத்திருப்பதாகவே கண்ணில் நிற்கிறது.

ராக்கு அங்கேயே இருக்கட்டும், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் குழாயைத் திறந்தால் தண்ணீர், மணி அடித்தால் டாக்டர் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம். எம் மக எங்கன பெத்துக்கிறணும்னு இஞ்சினா சொல்றது என்று கேட்டாள். அவளைப் பெத்தப்ப எனக்கு எங்கம்மா கை இருந்துச்சு, அவளுக்கு எங் கை வேணாமா, பாஷை தெரியாத ஊர்ல வலிக்குதுன்னு யார்ட்டச் சொல்லுவா என்றாள். அப்புறம் என்னோடு பேசவே இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு ஆட்டோடு பேசினாள். ஆட்டோடு பேசினது எல்லாம் எனக்குத்தான்.

மதுரையிலிருந்து இஞ்சின் லாரியில் வந்து இறங்கின அன்றைக்கு நான் பட்டறையில்தான் இருந்தேன். சொல்லப்போனால் அதற்கு முந்தியும் தினமும் அங்கேதான் இருந்தேன். எங்கேயோ மோதி முன்பக்கம் நொறுங்கிப் போன வண்டியின் இஞ்சினாம், இஞ்சினுக்கு அடி இல்லை. வேப்பமரக் கிளையில் சங்கிலி போட்டுப் பழையதைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். இஞ்சின் இல்லாத வண்டியின் வாயைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, பல் பிடுங்கின கிழவனைப் போல இருந்தது. புதியதை இறக்கும்போது கியர் பெட்டியோடு கோர்த்துக்கொள்ளவில்லை, ஒரு நூல் இடம் தள்ளி நின்றது. இப்படித் திருப்புங்கள், அப்படித் தட்டுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. சுல்தான் நிமிர்ந்து, மாமா, நீங்க இங்கன நின்னா ஒரு போல்ட்டும் மரை ஏற மாட்டேங்குது, தோஷம் கழிய தேவிபட்டினத்துக்குப் போயி கடல்ல ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க என்றார். நான் போகவில்லை, டீக்கடைக்குப் போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால் கோர்த்து முடித்து டீ எங்கே என்று கேட்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்ததும் கரும்புகை கக்கிவிட்டு அப்புறம் சீராக ஓடியது. ஓடியதே தவிர எனக்கு நிம்மதி வரவில்லை. சத்தம் வேறு. பெரியபட்டினத்து வாவு முகம்மதுவிடம் வாங்கின நாளிலிருந்து அந்த வண்டியின் ஒவ்வொரு முக்கலும் முனகலும் எனக்குத் தெரியும். மழை பெய்தால் அவர் ஏற்றின மீனின் வாடை இன்றைக்கும் வரும், அது அப்படியே இருக்கிறது, குரல் மட்டும் அந்நியக் குரல். ஊருக்குள் நுழைந்தால் இத்தனை வருடம் வாலாட்டிக்கொண்டு எதிரே ஓடி வருகிற நம் நாய் ஓரமாக நின்று குரைக்கிறது. உன் அம்மா வாசலுக்கே வரவில்லை, யாரோ எவரோ என்று இருந்துவிட்டாளாம். பழைய இஞ்சினை எடைக்குப் போட விடாமல் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிப் புளியமரத்தடியில் வைத்திருக்கிறாள். இத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாம், அதனால் சாம்பிராணி காட்டினாள். மறுநாள் அதில் ஆட்டைக் கட்டிவிட்டாள்.

சுல்தான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். இதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும் மாமா, கிணத்துத் தண்ணி ஊத்துனா எங்கிட்ட வராதீக என்று சொல்லிவிட்டார். பட்டறையில் அவர் ஊற்றினதோடு வந்தேன், இனிமேல் குறைகிறதற்கு என்ன செய்வது? உன் அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டுச் சொன்னேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்குப் போய்விட்டாள். அங்கே என்ன பேசினாள் என்று தெரியாது. மறுநாள் காலையில் கருத்தம்மாளின் மாமியார் ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து வண்டிக்குப் பக்கத்தில் இறக்கினார். வண்டிக்குங்க என்றார். பிள்ளை பெற்ற வீட்டுக்கே தண்ணீர் பற்றாது, நீங்கள் எதற்கு என்றேன். இந்த வாரம் எங்க முறை, அடுத்த வாரம் மேலவீடு என்று சொல்லிவிட்டுக் காலிக் குடத்துக்காக நின்றார். ஊற்றில் நிற்கிற பெண்கள் எல்லாரும் முறை வைத்துக்கொண்டார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். ஒன்று மட்டும் நிச்சயம், இனி வண்டியில் இடம் இல்லை என்று இந்த ஊரில் எந்தப் பெண்ணிடமும் என்னால் சொல்ல முடியாது, எல்லாரும் பங்குக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அப்படியும் உனக்கு வா என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. யாரோ மோதின வண்டியின் இஞ்சின், அதன் குணம் எனக்கு என்ன தெரியும்? நடுவழியில் நின்றால்? இப்படியே நான் முற்றத்துக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பார்த்து உன் அம்மா நேற்று காலையில் ஒரு காரியம் செய்தாள். விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிறைந்த ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டிய எடுங்க, ஆஸ்பத்திரிக்கு விடுங்க என்றாள். உனக்கு என்ன உடம்புக்கு என்று பதறினேன். எனக்கு ஒண்ணுமில்ல, எம் மக உக்காந்திருக்கான்னு நெனச்சு ஓட்டுங்க, இது தளும்பப்படாது என்றாள்.

நான் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போன அன்றைக்குக்கூட அப்படிக் கவனமாக எதையும் கொண்டுபோனதில்லை. மண் ரோட்டில் எந்தப் பள்ளம் எங்கே என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாதிதான் தெரிந்திருக்கிறது, மீதியை அந்தக் குடம் காட்டிக் கொடுத்தது. மெல்ல, மெல்ல என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இரட்டைப் பனை வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு கையால் குடத்தின் வாயை மூடிக்கொண்டாள். எனக்குக் கண் மங்கிவிட்டது, துடைத்துக்கொண்டு ஓட்டினேன். மெயின் ரோடு ஏறியதும் இஞ்சினை அழுத்திப் பார்த்தேன், சும்மா சொல்லக் கூடாது, எடுத்துக்கொண்டு போனது. முள் நடுவை விட்டு அசையவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது, நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தேன், சொன்ன பேச்சைக் கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். வந்த வேகத்தைப் பார்த்து ஒரு ஆயாம்மா தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஓடி வந்தார். முன் சீட்டில் நரைத்த தலையும் மடியில் குடமும் மடி நனைந்த சேலையுமாக உன் அம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, யாருக்கும்மா பிரசவம் என்று கேட்டார். நான் வெட்கத்தில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் அம்மாவுக்கு வெட்கமே இல்லை. எம் மகளுக்கு, அவ ஜபல்பூர்ல இருக்கா, தையில கூட்டிட்டு வாரேன், அப்பயும் நீங்க இதே மாதிரி ஓடி வரணும் தாயி என்றாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கூட்டிட்டு வாங்க, நான் இங்கனதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். இஞ்சின் ஆறினபிறகு குடத்துத் தண்ணீரில் கொஞ்சம் ரேடியேட்டருக்கு ஊற்றிவிட்டு மீதியை நாங்கள் இரண்டு பேரும் குடித்தோம். அவள் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே மாப்பிள்ளையிடம் சொல், கார்த்திகைக்கு லீவு எழுதிக் கொடுக்கட்டும். ரயிலில் கீழ் படுக்கையாகப் பார்த்து வாங்கச் சொல், மெட்ராசில் வண்டி மாறும்போது நீ எதையும் தூக்கக் கூடாது, அங்கத்துத் தண்ணீர் இனிக்கிறது என்று உன் அம்மாவுக்குக் கேனில் அடைத்துக் கொண்டுவருகிற வேலையெல்லாம் வேண்டாம். ராமநாதபுரம் ஸ்டேஷனில் நான் நிற்பேன். மழையில் மண் ரோடு சகதியாகக் கிடக்கும், அதற்கு இப்போதே நானும் சோணைமுத்துவும் பள்ளத்துக்கெல்லாம் கல்லும் சரளையும் அடித்துக்கொண்டிருக்கிறோம், குடம் காட்டின பள்ளம் ஒன்றுகூட விடவில்லை. மார்கழி பிறந்ததும் என் கட்டிலைக் கொட்டகையில் வண்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வேன், சாவி என் அரைஞாணில் இருக்கும். உன் அம்மா சிரிக்கிறாள், சிரிக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, குனிந்து துணி துவைக்காதே, மாப்பிள்ளையிடம் கோபப்படாதே, உனக்கு என் கோபம் வந்திருக்கிறது என்று பயமாக இருக்கிறது. நம் கருப்பசாமியும் அந்த ஊற்றில் நிற்கிற அத்தனை தாய்மார்களும் உனக்குத் துணை இருப்பார்கள். நீயும் பிள்ளையும் நூறு வருடம் நல்லா இருக்க வேண்டும். வருகிற தேதியை உடனே எழுது, மறந்துவிடாதே.

கவரை ஒட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை போய் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு வந்தேன். எடுத்தது. நாய் குரைக்கவில்லை. நீ வா.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்த்து நிற்கும் அய்யா
உக்கிரபாண்டி